சுண்டுவிரல் நகமளவு முகம்

"மறுபடியும் மங்கலா இருக்கு!" டிசைனரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேனேஜர் கத்தினார். "அஞ்சு மணிக்குள்ள இந்தப் படம் சைட்டுல ஏறலைன்னா என் தலைதான் உருளும்!"

திரையில் சுண்டுவிரல் நகமளவு வட்டம். அதற்குள் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் முகம். ஜேபிஜி கோப்பாகச் சுருக்கி எடுத்தால் உதட்டோரம் கரைந்தது. பெரிய படமாகக் கொடுத்தால் பக்கம் திறக்கவே திணறியது.

"எந்தக் கம்பெனிக்கு சார்?"

"மூச்சு விடமாட்டேங்கிறாங்க. பார்க்கிறவன் நிஜ ஆள்னு நம்பணுமாம்."

"நிஜ ஆளை மனசுல வச்சுத்தான் சார் வரைஞ்சேன்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோடுகளைப் பிக்சல் பிசகாமல் நகர்த்தி, இரட்டை அளவில், கோடு கரையாத பிஎன்ஜி கோப்பாக எடுத்தான். கன்னத்து மச்சம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"அப்பாடா! பொழைச்சேன்" என்று முதுகில் தட்டினார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கால் சென்டரை இழுத்து மூடிட்டாங்க. இனிமே கஸ்டமர்கிட்ட மெஷினே பேசிக்குமாம்."

போனை அவனிடம் நீட்டினாள்.

"அதோட மூஞ்சியைப் பாருங்க. வேலையைத்தான் பிடுங்கிக்கிட்டாங்க, சரி. என் கன்னத்து மச்சத்தை எதுக்குங்க பிடுங்கினாங்க?"