கீழே விழுந்த கிழங்கு

"இது ராசவள்ளி இல்ல, சர்க்கரைவள்ளி" என்று பக்கத்து வீட்டு அக்கா, மானாங் கொன்சிங், உரக்கச் சொன்னதும், கோயில் முற்றத்து விருந்து மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஜோவியின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொன்சிங் ஜோவி வீட்டு ஹலாயா இனிப்புத் தட்டில் கரண்டியை விட்டுத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க. ராசவள்ளியைக் கிளறினா கரண்டியை விடாது. இது சொத்துன்னு விழுது. எவ்வளவு தேங்காய்ப்பால் ஊத்தினாலும் புத்தி போகுமா? ஊதாவா இருந்தாப் போதும்னு நினைச்சுட்டா."

பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில் குழந்தை ஏசு திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு தட்டு ராசவள்ளி ஹலாயா வரும். கள்ளத்தட்டு வைத்த வீட்டுக்கு அப்புறம் அந்த மேசையில் இடம் கிடையாது. அம்மாவுக்கு அது தெரியும்.

"ராசவள்ளின்னு யாரு சொன்னா?" ஜோவி கேட்டாள். "அம்மா தட்டை வச்சாங்க. அவ்வளவுதான்."

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

"பேசுது பாரு, படிப்பு ஏறாதது. 'நீயெல்லாம் போய் சர்க்கரைவள்ளி நடு'ன்னு சொல்லித்தானே வாத்தியார் உன்னை அனுப்பினாரு?"

"ஆமா மானாங். போய் நட்டேன். நல்லா விளைஞ்சிருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜோவி இப்படித்தான். பொறுமை கிடையாது, பொய்யும் சொல்ல வராது. ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காததற்கு அந்த இரண்டாவதுதான் காரணம்.

கொன்சிங் தன் கூடையை முன்னால் இழுத்து வைத்தாள். கைப்பிடி அறுந்து நீலத்துணி சுற்றிய பழைய மூங்கில் கூடை. அதிலிருந்து ஒரு கிழங்கைத் தூக்கினாள். மரப்பட்டை மாதிரி தோல், மேலெல்லாம் மயிர் மயிராக வேர், கைக்குழந்தை கனம்.

"ராசவள்ளின்னா இது. போன புயல்ல ஊர்ல ஒருத்தர்கிட்டயும் விதைக்கிழங்கு மிஞ்சல. நாலு பிள்ளைங்களோட நடுத்தெருவுல நின்னேன். ஒருநாள் விடிஞ்சு கதவைத் திறந்தா வாசல்ல இந்தக் கூடை. நிறைய விதைக்கிழங்கு. குழந்தை ஏசு வச்சுட்டுப் போயிருக்காரு. யாருக்குக் கொடுக்கணும்னு அவருக்குத் தெரியும். அடுத்தவன் வேலியைத் தள்ளி நடறவங்களுக்கா கொடுப்பாரு?"

வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ரொம்ப நாள் ஆகிறது.

ஜோவி வாயைத் திறந்தாள். அம்மா இன்னொரு தடவை கிள்ளினாள்.

கொன்சிங் பையிலிருந்து வேறொரு கிழங்கை எடுத்தாள். வழவழவென்று, இரண்டு பக்கமும் கூம்பி, உள்ளங்கையில் அடங்குகிற கிழங்கு. "இது உங்க அடுப்படி வாசல்ல கிடந்தது" என்று ஜோவியின் காலடியில் வீசினாள்.

"ராசவள்ளியா இருந்தா எடுத்து முத்தம் கொடு, பார்ப்போம்."

ராசவள்ளி கை தவறி விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அங்கே நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். பஞ்ச காலத்தில் உயிர் காத்த கிழங்கு அது. சர்க்கரைவள்ளிக்காக யாரும் முதுகை வளைத்தது கிடையாது.

ஜோவி குனிந்தாள். எடுத்தாள். மண்ணைக்கூடத் தட்டாமல் முத்தம் கொடுத்தாள்.

"அப்போ ராசவள்ளிதான். இந்தப் பொண்ணு பொய் சொல்லாது" என்றார் கோயில் மணி அடிக்கிற பெரியவர் மானோங் இஸ்லாவ்.

"இல்ல மானோங். சர்க்கரைவள்ளிதான்."

அவர் கை நெற்றிக்குப் போனது.

"புயலுக்கு அப்புறம் எல்லாரும் என்ன தின்னீங்க?" ஜோவி கேட்டாள். "காலையில இது. ராத்திரியும் இது. இலையைக்கூட விட்டு வைக்கல. பசியில காப்பாத்தினதுக்குத்தானே முத்தம்? இதுக்கு யாராவது கொடுத்தீங்களா? நான் கொடுத்துட்டேன். தட்டை எடுக்க மாட்டோம். வேணும்னா சாப்பிடுங்க, வேண்டாம்னா விடுங்க."

"திமிரைப் பாரு திமிரை" என்று கொன்சிங் கையை ஓங்கினாள். ஓங்கிய வேகத்தில் அவள் கையிலிருந்த ராசவள்ளி நழுவி, உருண்டு, அம்மாவின் காலடியில் போய் நின்றது. இருந்த கோபத்தில் கொன்சிங் குனியவில்லை.

அம்மா குனிந்தாள். முதலில் மண்ணைத் துடைத்தாள். பிறகு முத்தம் கொடுத்தாள். வேறு வீட்டில் வளர்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்தாள்.

"முத்தம் கொடுக்கத் தெரியுது. நடத் தெரியலையாக்கும்?" என்றாள் கொன்சிங். "தோட்டம் பூரா சர்க்கரைவள்ளியைப் போட்டுட்டுச் சோம்பேறியா உட்கார்ந்தா, திருவிழாவுக்கு ராசவள்ளி எங்கேயிருந்து வரும்?"

அம்மாவின் கை மறுபடியும் தொடைப் பக்கம் வந்தது. ஜோவி தள்ளி நின்றுகொண்டாள்.

"கிழங்கைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் மானாங், அதனால அதைப் பத்திப் பேசல" என்றாள். "கூடையை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க. கைப்பிடியில சுத்தியிருக்கறது என்னோட ஸ்கூல் பாவாடை."