மண்சட்டிப் பருப்பு

இன்றைக்கும் என் கணவர் செல்வினின் உடலைச் சோதிக்கும் மணிக்கட்டுப் பட்டை சிவந்துவிட்டது. "உடலில் அலுமினியம் கூடுதல்" என்று சாப்பிட்டு முடிப்பதற்குள் அறிவித்தும் விட்டது. இன்னொரு முறை சிவந்தால் துறைமுகத்தில் அவரைக் கிரேனில் ஏற விடமாட்டார்கள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்தப் பட்டைக்குப் பயந்துதான் அலுமினியக் குக்கர், இட்லிச் சட்டி, வடைச்சட்டி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மண்சட்டியோடு மல்லுக்கட்டுகிறேன். நான் பருப்பைத் தொடுவதே இல்லை. அவருக்குத்தான் பருப்பில்லாமல் சோறு இறங்காது.

"வெளிய என்னத்தயாவது தின்னுட்டு வாறீங்களா?"

"இல்ல பிள்ள. நீ குடுத்து விடுறத மட்டுந்தான் திங்கேன்."

நான் நம்பவில்லை. அவர் கைகழுவப் போனதும் அவருடைய பையைக் கவிழ்த்தேன். பரோட்டா சுற்றிய ஃபாயில் தாள் விழும் என்று நினைத்தேன். நெஞ்செரிச்சல் மருந்து பாட்டில் விழுந்தது, முக்கால்வாசி காலியாக. அதன் லேபிளில் முதல் பெயரே அலுமினியம் ஹைட்ராக்சைடு.

"இத எதுக்குக் குடிக்கீங்க?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மண்சட்டில பருப்பு வேகவே மாட்டேங்கு பிள்ள. தின்னா நெஞ்செல்லாம் எரியுது. நீ கெடந்து கஷ்டப்படுதியேன்னு சொல்லல."

மேசையில் அவருடைய தட்டு இருந்தது. ஒரு பருப்புகூட மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.