கைதவறி

"எங்க வீட்டுல பொருளைக் கண்டபடி போடுற வழக்கம் கிடையாது. அந்த டிஸ்க்கே மட்டம்," என்றார் பெரியவர், பழுது பார்ப்பவரிடம் விறைப்பாக.

மருமகளின் ஆறு வருட ஆராய்ச்சி அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. திங்கட்கிழமை சமர்ப்பித்தாக வேண்டும்.

"கோபப்படாதீங்க சார். எல்லா ஃபைலும் வந்துடுச்சு. புது டிஸ்க்குல ஏத்தியாச்சு."

பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா டிஸ்க் மேல பழி போடாதீங்க. கைதவறிக் கீழே போட்டுட்டேன்னு உங்க மருமகளே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அவளா?" என்றவர் புது டிஸ்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மருமகள் புது டிஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தப்பிச்சேன் மாமா!"

பெரியவர் தன் அறைக்குப் போய் மேசை முன் உட்கார்ந்தார். மேசை ஆடவில்லை. போன வாரம் அதன் ஆட்டம் பொறுக்காமல், கூடத்தில் கிடந்த கறுப்புப் பெட்டியை ஏதோ காலி டப்பா என்று நினைத்துக் காலுக்கடியில் செருகியவர் அவர்தான். மருமகள் தேடத் தொடங்கியதும் அதைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தவரும் அவர்தான். இப்போது அந்தக் காலுக்கடியில் புத்தம்புது ரப்பர் கட்டை இருந்தது.

"இப்ப ஆடலையே மாமா?" கூடத்திலிருந்து மருமகளின் குரல்.

"ஆடலம்மா," என்றார் பெரியவர். "நாளைக்கு அந்தக் கடைக்கு இன்னொரு தரம் போகணும். நீ எழுதிக் கொடுத்ததுல பேரை மாத்தணும்."