எழுபத்திரண்டு போக மீதி

"அம்மா, இது என்ன?"

சோபாவுக்குப் பின்னால் இருந்து எடுத்த சின்னத் தட்டு மனைவியின் கையில் இருந்தது. அதில் மீன் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வாயை நக்கிக்கொண்டிருந்தது.

குண்டு அந்த வீட்டுப் பூனை. வாசல் தாண்டாத பூனை. அது எட்டுக் கிலோவைத் தொட்டபோது, "இப்படியே விட்டா சர்க்கரை வரும், அளந்து போடுங்க" என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அளவு என்று வந்துவிட்டால் அவளிடம் நயம் பயம் எதுவும் நடக்காது. வேளைக்கு முப்பது கிராம் என்று ஆரம்பித்து, எடை குறையாததால் இருபத்தைந்து, இருபது என்று இறக்கி, இப்போது பதினைந்தில் வந்து நிற்கிறது.

எடை பார்ப்பது மட்டும் கணவரின் பொறுப்பு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எல்லோருக்கும் 'மாஸ்டர்'. வேறு யார் தூக்கினாலும் குண்டு பிறாண்டிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். வருகிற எண்ணில் தன் எடை எழுபத்திரண்டைக் கழித்து மீதியைச் சொல்வார். மனைவி எழுதிக்கொள்வாள்.

இன்று எண்பத்தொன்று காட்டியது.

"எழுபத்திரண்டு போக ஒன்பது," என்றாள் மனைவி. "சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சும் ஒரு கிலோ ஏறியிருக்கு. எப்படின்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். நீதானாம்மா?"

"ஆமா, நான்தான் அப்பப்ப கொஞ்சம் வைப்பேன்," என்றார் மாஸ்டரின் மாமியார். "பசியில காலையே சுத்திச் சுத்தி வருதுடி."

மாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைத் திருத்தியே பழகிய வாய். சும்மா இருக்குமா?

"தப்பா நினைக்காதீங்க அத்தை. அது வாயைக் கட்டணும்னா, கூட இருக்கறவங்க மொதல்ல மனசைக் கட்டணும். நீங்க பாசம்னு நினைச்சு வைக்கிறீங்க. அதுக்கு அது விஷம். நம்ம பலவீனத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் கஷ்டப்படணுமா?"

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குச் சின்னவ வீட்டுக்குக் கிளம்பறேன்," என்றார்.

"கொஞ்ச நாள் அங்க இரு. இது இளைக்கட்டும்," என்றாள் மகள். மாஸ்டரும் இருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் மனைவி வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் குண்டு மஞ்சள் மஞ்சளாக வாந்தி எடுத்தது. மாஸ்டர் அதைக் கூடையில் போட்டு, பயிற்சிக் காரிலேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் அதை மேஜை மேலிருந்த மெஷினில் வைத்தார்.

"அஞ்சு கிலோ இருநூறு." நீள முடியை விலக்கி விலாவைத் தடவினார். "எலும்பு கையில தட்டுது. ஏன் சார் இதைப் பட்டினி போட்டீங்க?"

"ஒன்பது கிலோ டாக்டர். நேத்துதான் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

மாஸ்டர் தன் கழித்தல் கணக்கைச் சொன்னார்.

"நீங்க தனியா ஏறிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

மாஸ்டர் யோசித்தார். "மூணு மாசம் இருக்கும்."

டாக்டர் பெரிய நாய்களை எடை பார்க்கும் பலகையைக் கைகாட்டினார். நாயோடு காத்திருந்த ஒரு அம்மாள் நகர்ந்து வழிவிட்டாள். மாஸ்டர் ஏறினார்.

எழுபத்தைந்து கிலோ எண்ணூறு.

மாஸ்டருக்கு இனிப்பு டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. லைசென்ஸ் வாங்கியவர்கள் ஆளுக்கொரு இனிப்பு டப்பா கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். வீட்டுக்குக் கொண்டு போனால் மனைவி பிடுங்கி வைத்துவிடுவாள் என்று காரிலேயே தீர்த்துவிடுவார். அவர் தின்றதெல்லாம் பூனையின் தலையில் எழுதப்பட்டு, பூனையின் தட்டில் குறைந்திருக்கிறது.

"தினம் எவ்வளவு போடறீங்க?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வேளைக்கும் சேர்த்து முப்பது கிராம்."

"அதை மட்டும் தின்னிருந்தா இந்நேரம் ஈரல் போயிருக்கும். வீட்ல யாரோ உங்க கண்ணுல படாம கூடப் போட்டிருக்காங்க. அவங்க புண்ணியத்துலதான் உயிரோட இருக்கு. மருந்து தரேன், தேறிடும்."

திரும்பும் வழியெல்லாம் நேற்றுப் பேசியது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மாஸ்டருக்கு உடம்பு கூசியது.

வீட்டில் மாமியார் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, போகாதீங்க."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், இனிப்பு டப்பா உட்பட.

"உங்க முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு. அவ வந்ததும் நானே சொல்லிடறேன். ஆனா நான் எடை போட்டது சத்தியமா எனக்கே தெரியாது அத்தை. பேண்ட் கூட இறுக்கலையே."

மாமியார் அவர் முகத்தைப் பார்க்காமல் பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"எப்படி இறுக்கும் மாப்பிள்ளை? துவைச்சு மடிக்கும்போதெல்லாம் பட்டனைத் தள்ளித் தள்ளித் தைச்சு வெச்சது நான்தானே. நேத்து அதை அவ முன்னாடி எப்படிச் சொல்றது?"