பாட்டுக் கேட்கிற லோகேஸ்வரி

"லோகா, பாஸ் ஒன்ன ரூமுக்கு வரச் சொல்றாரு. காதுல மாட்டியிருக்கிறத மொதல்ல கழட்டு லா," என்றாள் பக்கத்து மேசை மலர்.

லோகேஸ்வரி அவசரமாக ஹெட்போனைக் கழற்றினாள். கிள்ளானில் இருக்கும் அந்தச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கொஞ்ச காலமாக அவளைப் பற்றித்தான் பேச்சு. வேலை நேரத்தில் பாட்டுக் கேட்கிறாளாம். எதிரே வந்து சிரித்தால்கூட முகம் கொடுக்காமல் போகிறாளாம். தலைக்கனம் ஏறிவிட்டதாம்.

பாட்டாவது கூத்தாவது! யாருக்கும் தெரியாமல் ஆபீஸ் கணினியில் அவள் ஏற்றி வைத்திருந்த இலவச மென்பொருள், திரையில் இருப்பதையெல்லாம் அவள் காதில் படபடவென்று வாசித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது ஸ்ட்ரா வழியாக உலகத்தைப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான், சனிக்கிழமைதோறும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பார்வையற்றோர் பயிற்சி மையத்துக்குப் போகத் தொடங்கினாள்.

அங்கே அந்தோனிப்பிள்ளை மாஸ்டர் சொல்லித்தருவார். அவருக்கும் பார்வை கிடையாது. திரையை வாசிக்கிற குரலை வைத்துக்கொண்டு கணினியில் வேலை செய்வது, வெள்ளைக் கோலைப் பிடித்து ரோட்டைக் கடப்பது, சாப்பாட்டுத் தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்வது என்று எல்லாம் உண்டு. சோறு ஆறு மணியில், கோழி பன்னிரண்டில், ஊறுகாய் மூன்றில் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட்டால், தட்டு முழுக்கத் துழாவ வேண்டியதில்லை.

அந்த வகுப்பில் லோகேஸ்வரியைப் போல வாயாடி வேறு யாரும் இல்லை. கேள்வி கேட்டே மாஸ்டரைத் துளைத்துவிடுவாள். அதற்கு நேர்மாறாகப் பின் வரிசையில் ஒருவர் இருந்தார். பெயர் கேட்டால்கூடத் தொண்டையைச் செருமுவதோடு சரி. கூச்சப்படுகிறார் போல, இருக்கட்டும் என்று மாஸ்டரும் விட்டுவிட்டார்.

அங்கே அவ்வளவு பேசுகிறவள் ஆபீஸில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போன வருஷம் முதுகு வலியால் மூட்டை தூக்க முடியாமல் போன ஓர் ஆளை, குடோனிலிருந்து பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லோகேஸ்வரியின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. கண் போகிறது என்று தெரிந்தால் வேலையும் போய்விடும். பாட்டுக் கேட்டேன் என்று ஒத்துக்கொண்டால் திட்டோடு போகும். அறைக் கதவைத் தட்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

மேனேஜர் ராதாகிருஷ்ணன் பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கும் ஆபீஸில் நல்ல பெயர் இல்லை. வணக்கம் சொன்னால் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். கடிதத்தை நீட்டினால் கையில் வாங்காமல், படியுங்கள் என்பார். டிரைவர் வந்து நிற்காமல் வாசலைத் தாண்ட மாட்டார். 'பெரிய துரை' என்று மலர் அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். லோகேஸ்வரி அவர் அறைக்குள் நுழைவது இதுவே முதல் தடவை.

உட்காரச் சொன்னார். நாற்காலி எங்கே என்று கைப்பையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தாள்.

"நெறைய கம்ப்ளெயின் வருது. நாள் முழுக்கக் காதுல என்னம்மா கேக்குறீங்க?"

"பாட்டு சார். தப்புதான். இனிமே கேக்க மாட்டேன்."

"என்ன பாட்டு?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பழைய பாட்டு என்று முனகினாள். பாடிக் காட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகக்கூட இருந்தது.

மேசைமேல் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"டீ குடிங்க. ஒங்களுக்கு மூணு மணியில இருக்கு. சூடு, மெதுவா."

கை தானாக வலப்பக்கம் போய்க் கோப்பையைத் தொட்டுவிட்டது. தொட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிரிக்பீல்ட்ஸ் வகுப்பைத் தவிர வேறெங்கும் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை.

"கண்ணுதான் சார். ஆனா வேலையில ஒரு தப்பு வரல. அந்தக் கொரலு எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிடும். வேணும்னா செக் பண்ணிப் பாருங்க. வேலைய மட்டும்..."

"ஒங்க வேலைய யாரு எடுக்கப் போறா? ஒளிச்சு வச்சுக் கேக்குறதுக்கு அது என்ன கள்ளச் சாமானா?" என்றார் ராதாகிருஷ்ணன். "எச்.கியூ.ல பேசிட்டேன். திரைய வாசிக்கிற சாப்ட்வேர் கம்பெனியே வாங்கித் தருது. சொல்லிக் குடுக்க பிரிக்பீல்ட்ஸ்லேருந்து இங்கேயே ஆள் வருவாங்க. ரெண்டு செட் ஆர்டர் போட்டாச்சு. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஒங்ககிட்ட வாயத் திறக்க வேணாம்னு இருந்தேன்."

லோகேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எத்தனை நாள் பயம், எத்தனை பொய்! நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டதில் உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தாள். நல்ல இனிப்பு.

குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"இங்க எனக்கு மட்டுந்தானே சார் இந்தப் பிரச்சன? ரெண்டாவது செட் யாருக்கு?"

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். சனிக்கிழமைதோறும் பின் வரிசையிலிருந்து அவள் கேட்கிற அதே செருமல்.