மண்டி

“குழாயில வாயை வைக்காதே, கோர்டி!”

மார்லிஸ் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு கோர்டி உறிஞ்சப் போன ரப்பர் குழாயைக் கீழே போட்டான். அவளே அதைக் கழுவி, தண்ணீரால் நிரப்பி, ஒரு முனையை மேஜைமேல், அவள் வீட்டிலேயே போட்ட பீர் இருந்த வாளிக்குள் விட்டாள். மறுமுனையைத் தரையிலிருந்த காலி வாளிக்குள் கோர்டி பிடித்துக்கொள்ள, பீர் சத்தமில்லாமல் இறங்கியது.

“குடிக்கப்போறவன் நான். என் எச்சில் பட்டா எனக்கென்ன? நீங்கதான் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டீங்களே!”

“வாயை மூடிட்டுப் பிடி. ஆட்டாதே, அடியில இருக்குற மண்டி கலங்கிடும்.”

மேல் வாளியில் இரண்டு விரற்கடை மிஞ்சியபோது மார்லிஸ் குழாயை வெளியே எடுத்துவிட்டாள்.

“ஐயோ, இன்னும் ரெண்டு கிளாஸ் தேறும்! வாளியைச் சாய்ங்க.”

“அது எனக்கு.”

“அந்தச் சேறா?”

கொதிநீரில் அலசி வைத்திருந்த கண்ணாடி ஜாடியில் மார்லிஸ் அந்த மண்டியை நிதானமாக ஊற்றினாள்.

“விபத்துல போறதுக்கு முந்தின வாரம் என் மகன் டெரிக் போட்ட பீரைப் புளிக்கவெச்ச ஈஸ்ட் இது. அவன் விட்டுட்டுப் போனதுல இது ஒண்ணுதான் உயிரோட இருக்கு. சும்மா வெச்சா செத்துடும். மாசாமாசம் புது பீர் போட்டாத்தான் பிழைக்கும்.”

நிரம்பிய வாளியை கோர்டி பார்த்தான். ஓசி பீர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அதைத்தான்.

“அப்போ இந்த பீரு?”

“கொட்ட மனசு வரல. அதான் உன்னைக் கூப்பிடறேன். சரி, அந்த ஜாடி மூடியை எடு.”

கோர்டி முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான்.