குட்டையன் களமிறங்கிய நாள்

"குட்டையனை இறக்கிட்டாங்க!" என்று தையல்காரி கத்தினாள்.

திரையில் குட்டையன் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அவனுடைய துண்டை மட்டும் மடித்து வைத்திருந்தார்கள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவருக்கு அது தெரியாது. சர்க்கரை அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு ஐந்து வருடம் ஆகிறது. இப்போது இதயத்திலும் கை வைத்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அதிர்ச்சியான எதையும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காது என்றால் சாதாரணக் காதா அது? முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூடிய கதவில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய ஜப்பான் அனிமே, கார்ட்டூன் தொடர். பள்ளிக்கூடத்து வாலிபால் அணி ஒன்றின் கதை. மகன் சின்ன வயதில் பைத்தியமாகப் பார்த்த தொடர். சரக்குக் கப்பலில் வேலைக்குக் கிளம்புமுன் அதை ஒரு பென் டிரைவில் போட்டு, எல்லாப் பகுதிக்கும் தமிழில் சப்டைட்டில் தட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். அம்மா வாசிக்க வேண்டும், அப்பா கேட்க வேண்டும். எழுத்துப்பிழைக்குப் பஞ்சமே இல்லை.

மதியம் சாப்பிட்டதும் ஒரு பகுதி. ஒரு பந்து மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒருவன் பிறந்து வளர்ந்து அப்பாவோடு சண்டையும் போட்டு முடித்துவிடுவான். அவ்வளவு மெதுவான தொடர்.

லிஃப்ட்காரருக்கு அதுதான் பிடித்திருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நெட்டையன் ஏன் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை, கேப்டன் வீட்டில் ஏன் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அதெல்லாம் வேண்டும் அவருக்கு. எல்லாரையும்விடக் குட்டையன் வேண்டும். ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படாமல், எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, பெஞ்சிலிருந்தே தொண்டை கிழியக் கத்துகிறவன். அப்படியே நம்ம வீட்டுப் பையன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இருபத்தெட்டாம் பகுதியில் சைக்கிளில் போன குட்டையனை லாரி அடித்துவிட்டது.

'நம்ம குட்டையன் போய்ட்டான்டா' என்று மகன் தட்டி வைத்திருந்தான். அதை வாசிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. திரையில் பையன்கள் ஓவென்று அழுதார்கள். ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்ன பொய் லேசில் விடுமா? அன்றிலிருந்து தினமும் அவனுக்கு உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் காய்ச்சல் என்றாள். மறுநாள் தண்ணீர் கொடுக்கிறான் என்றாள். அதற்கடுத்த நாள் கேப்டனைக் கிண்டல் செய்தான். பாவம், இருந்தபோது பேசியதைவிட இப்போதுதான் அதிகம் பேசினான்.

தினமும் தொடர் முடிந்ததும் மகனுடைய செய்தி. நடுக்கடலில் பேச சிக்னல் கிடைப்பதில்லையாம், எழுதி அனுப்புகிறான். அதையும் போனைப் பார்த்து அவளே வாசிப்பாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அப்பாவைக் கிண்டல் செய்யாமல் வாய் திறக்காதவன்.

பார்க்க வருகிறவர்களைக் கிருமி தொற்றிவிடும் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவாள். எதிர்வீட்டு அக்கா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

இன்று முப்பத்தொன்பதாம் பகுதி, இறுதி ஆட்டம். பெஞ்சில் அந்தத் துண்டைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது ஆடட்டுமே பிள்ளை என்றுதான் இறக்கிவிட்டாள்.

பந்து எழும்பியது. யாரோ ஒருவன் கத்திக்கொண்டே எகிறி அடித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"பாத்தீங்களா, என்னமா அடிச்சான்!"

அவர் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பி, லிஃப்ட் கதவில் காதை வைத்தவர்போல அசையாமல் இருந்தார்.

"அடிச்சது கேப்டன்ம்மா. குட்டையன் குரல் கேட்டுப் பதினோரு நாளாச்சு."

ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். அவர் கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பையன் குரல் கேட்டு இருபது நாளாச்சு."

போன் தையல் மெஷின்மேல் கிடந்தது. இன்றைக்கு மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று அவள் இன்னும் யோசித்து முடித்திருக்கவில்லை.

"இத்தனை நாளும் தனியாவா அழுத?" என்று கேட்டுவிட்டு, அவர் சுவர்ப்பக்கமாக நகர்ந்து கட்டிலில் அவளுக்கு இடம் விட்டார்.